திருநங்கையின் திருமணப் பதிவு பற்றி ஒரு திருத்தம்

திருநங்கை சட்டப்படி மணமகளாக முடியாது, பதிவாளர் மறுத்தால் அதோடு முடிந்தது என்று இணையத்தில் ஒரு பதிவு சுற்றுகிறது. பகிர்ந்தவர்கள் கோபிக்க வேண்டாம், நிலைமை அப்படி இல்லை.

இதற்கான தீர்ப்பு நம்ம ஊரிலேயே, ஒத்தக்கடை பக்கம் இருக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வந்தது. தூத்துக்குடியில் ஓர் ஆணும் திருநங்கையும் கோயிலில் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்திருந்தார்கள். இந்து திருமணச் சட்டம் 5-ஆம் பிரிவு சொல்லும் மணமகள் என்பதில் திருநங்கையும் அடக்கம் என்று 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்து, பதிவு செய்யவும் உத்தரவிட்டார். தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை ஏற்ற 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புதான் இதற்கு அடிப்படை.

நானும் திருநங்கைதான். பெண் என்று என்னை அறிந்துகொள்ள எனக்குத் தீர்ப்பு தேவைப்படவில்லை. பதிவு அலுவலகத்துக்குத்தான் தேவைப்பட்டது!

சந்தேகம் இருந்தால் சென்னை உயர் நீதிமன்ற இணையதளத்தில் மதுரைக் கிளையைத் தேர்ந்தெடுத்து, ரிட் மனு 4125, ஆண்டு 2019 என்று தேடுங்கள். இந்தியன் கானூன் தளத்திலும் முழுத் தீர்ப்பை இலவசமாகப் படிக்கலாம்.