பங்குபற்றினதே போதும் என்று அந்தப் பிள்ளை சொன்னாவா?

மாற்றுத்திறனாளிகளின் விளையாட்டுப் போட்டியில் நீளம் பாய்ந்த ஒரு பிள்ளையின் படம். அதைப் பகிராத ஆள் திருகோணமலையில் இல்லை. "நீங்களும் அங்க நிண்டனீங்கதானே, பெருமையா இருக்கு" என்று எனக்கே எத்தனையோ பேர் அனுப்பிவிட்டார்கள். கண் மறைப்புப் போட்ட பிள்ளை மணலில் இருக்கிறா, கழுத்தில் மாலையோடு பிரதம அதிதி குனிந்து தலையைத் தடவுகிறார். மேலே ஒரு வசனம்: "வெற்றி தோல்வி முக்கியமில்லை, பங்குபற்றினதே பெரிய விஷயம்."

முக்கியம். அவவுக்கு முக்கியம். அது போட்டி.

அன்றைக்கு மணல் இழுத்துச் சமன் செய்கிற வேலை எனக்கு. அதனால் எல்லாம் கண்ணுக்கு முன்னால் நடந்தது. அவ பாய்ந்தது டி-11 பிரிவில். அது பார்வை அறவே இல்லாத, அல்லது இல்லையென்று சொல்லுமளவுக்குக் குறைந்தவர்களுக்கானது. எல்லாருக்கும் கண்ணை மறைத்துவிடுவார்கள். ஓடுபாதை முடிகிற இடத்தில் ஒருவர் நின்று கைதட்டிக் கூப்பிடுவார். அந்தச் சத்தத்தை நம்பித்தான் ஓடுவது. மிதிபலகைக்குப் பதிலாக ஒரு மீற்றர் அளவுக்குப் பவுடர் தூவியிருக்கும், அதில் கால் பதிந்த இடத்திலிருந்து தூரத்தை அளப்பார்கள். பெரிய போட்டிகளில் பாய்கிற நேரம் அரங்கம் முழுவதையும் அமைதியாக இருக்கச் சொல்வார்கள். சத்தம் கேட்காவிட்டால் பாய ஏலாது, அவ்வளவுதான்.

பிள்ளை நாலைந்து எட்டு வைத்திருப்பா. "எமது பிரதம அதிதி அவர்கள் தற்பொழுது மைதானத்துக்கு வருகை தருகின்றார்" என்று மைக் அலறியது. கூடவே பாண்ட் வாத்தியம். கூப்பிட்ட தம்பி உள்ளங்கை சிவக்கத் தட்டினான், தொண்டை கிழியக் கத்தினான். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. அவ வலப்பக்கம் விலகிப்போய், அரை உடம்பு மணலிலும் அரை உடம்பு புல்லிலுமாக விழுந்தா. முழங்கையில் தோல் உரிந்துவிட்டது. பாய்ச்சல் செல்லாது என்று சிவப்புக் கொடி காட்டினார்கள். படம் எடுத்தது அதற்குப் பிறகு.

தன் பிழையில்லாமல் ஒருவர் இடையூறுபட்டால் மாற்று வாய்ப்புக் கொடுக்க மத்தியஸ்தருக்கு அதிகாரம் உண்டு. மெய்வல்லுநர் விதிகளிலேயே இருக்கிறது. அவரிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னது: "விடுங்க தங்கச்சி, இந்தப் பிள்ளைகள் பங்குபற்றினதே பெரிய விஷயம்."

"இன்னும் இரண்டு பாய்ச்சல் இருந்ததுதானே?" என்று கேட்பீர்கள். இருந்தது. அந்த இரண்டையும் நான் பார்த்தேன். முதல் ஓட்டத்தில் தயங்காமல் வந்த பிள்ளை, பிறகு கையை முன்னால் நீட்டிக்கொண்டு அரை வேகத்தில் வந்தா. ஒருமுறை சத்தம் கைவிட்டால் அடுத்தமுறை அதை எப்படி நம்புவது? நீங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு பத்து எட்டு ஓடிப் பாருங்கள், பிறகு வந்து கதைப்போம்.

அதிதி வராவிட்டால் அனுசரணை வராது என்கிறார்கள். சரி, வரட்டும். இரண்டு நிமிஷம் பொறுத்து வரட்டும்.

என் சித்தப்பா மூதூரில் மிதிவெடியில் கால் இழந்தவர். பின்னேரத்தில் கரம் விளையாடுவோம். ஒருநாள் என் பெரிய அண்ணா சிவப்புக் காயை வேண்டுமென்றே தவறவிட்டான். சித்தப்பாவுக்கு விளங்கிவிட்டது. காய்களை அப்படியே கையால் கலைத்துவிட்டு, "பாவம் பார்க்கிறதெண்டா என்னோட விளையாட வராத" என்றார். அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருவனை எதிராளியாக மதிக்காமல் விடுவது அவனை அடிப்பதைவிடக் கேவலம் என்று அவர் முகத்தில்தான் பார்த்தேன்.

2021இல் டோக்கியோ பராலிம்பிக்கில் எங்கள் நாட்டுத் தினேஷ் பிரியந்த 67.79 மீற்றர் ஈட்டி எறிந்து உலக சாதனையோடு தங்கம் வென்றார். 2024இல் பாரிஸ் பராலிம்பிக்கில் எங்கள் சமித்த துலான் 67.03 மீற்றர் எறிந்து வெள்ளி வென்றார். அப்போது கொடி போட்டவர்கள் தசமம் வரை தூரம் சொன்னீர்கள். அவர்களிடம் யாரும் பங்குபற்றினதே போதும் என்று சொல்லவில்லையே. அவர்களும் இப்படி ஏதோவொரு மைதானத்தில்தானே தொடங்கியிருப்பார்கள்?

தொண்டராகப் போனால் வேலையைச் செய்துவிட்டு வரவேணும், குறை பிடிக்கக் கூடாதாம். இப்படி ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் எனக்குத் தெரிந்தவர், அதுதான் சுடுகிறது. காலையிலிருந்து கச்சான் காற்றில் சக்கர நாற்காலியில் காய்ந்துகொண்டிருந்த பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொண்டு ஓடியவர்கள் நாங்கள். கூடாரத்துக்குள் வெள்ளைத்துணி போட்ட கதிரைகள் வெறுமனே கிடந்தன. பதக்கம் கொடுத்த மேடைக்குப் படி இருந்தது, சாய்தளம் இல்லை. ஆளோடு நாற்காலியைத் தூக்கினோம், அதையும் படமெடுத்தார்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கு 1996ஆம் ஆண்டே 28ஆம் இலக்கச் சட்டம் போட்ட நாடு இது.

படத்தில் எழுதியிருப்பதை அவவுக்கு யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். நேற்று அழைப்பு எடுத்தா. "அக்கா, நான் பாய்ஞ்ச தூரத்தை ஏன் ஒருத்தரும் போடேல்ல?" அவவிடம் கேட்டுத்தான் இங்கே போடுகிறேன்: 3.41 மீற்றர். அரை வேகத்தில்.

படத்தை எடுத்துவிடுங்கள், அதைப் போட யாரும் அவவிடம் கேட்கவில்லை. அடுத்த போட்டிக்கும் நான் மணல் இழுக்கப் போவேன். நிகழ்ச்சி நிரல் போடுகிறவர்களே, நீளம் பாய்தல் முடியும்வரை மைக்கை நிறுத்தி வையுங்கள். யார் வந்தாலும் அதுவரை வாசலில் நிற்கட்டும்.