தமிழனுக்கு எழுத்தைக் கொடுத்தவர் என்று சொல்லாதீர்கள்

சீகன்பால்கைப் பற்றிய அந்த மேடைப் பேச்சு வீடியோவை மறுபடியும் இங்கே போடப்போவதில்லை. பார்த்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அதன் கீழே நான் எழுதிய நாலு வரியையும், அதற்கு வந்த வசவுகளையும் கூடப் பார்த்திருப்பீர்கள். மூன்று நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று ராத்திரி என் சித்தப்பா பையனே, "உங்களுக்கு என்ன ஆச்சுண்ணே, நம்ம ஆளுங்களையே ஏன் இப்படிப் பேசுறீங்க?" என்று கேட்டு மெசேஜ் அனுப்பினான். அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேடையில் பேசியவர் நம் கிறிஸ்தவர்தான். அவர் சொன்னது இதுதான். சீகன்பால்க் ஐயர் மட்டும் தரங்கம்பாடியில் வந்து இறங்கியிருக்காவிட்டால் தமிழன் இன்றைக்கும் எழுத்தறியாதவனாகவே இருந்திருப்பான், தமிழனுக்கு எழுத்தைக் கொடுத்தவரே அவர்தான். உடனே கைதட்டல். முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் எல்லாரும் தட்டினார்கள்.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. சரி, அவருக்குத் தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடுத்தது யார்?

இதைக் கேட்டதற்கா இத்தனை வசவு?

1706 ஜூலை 9. சோபியா ஹெட்விக் என்ற கப்பலில், டேனிஷ்காரர்கள் கையில் இருந்த தரங்கம்பாடிக்கு வந்து சேர்கிறார் கிறிஸ்தவ மிஷனரி பர்த்தலோமேயு சீகன்பால்கு. கூட ஹென்ரிக் புளூட்சோ. ஊர் ஜெர்மனியின் சாக்சனியில் உள்ள புல்ஸ்னிட்ஸ், படித்தது அதே ஜெர்மனியின் ஹாலே நகரில், அனுப்பியது டென்மார்க் ராஜா நான்காம் பிரடெரிக். வயது 24ஐத் தொடுகிறது. தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. கோட்டையில் இருந்த டேனிஷ் அதிகாரி ஹாசியஸுக்கு இவர்கள் வந்ததே பிடிக்கவில்லை.

அந்த நிலைமையில் அவருக்குக் கைகொடுத்தவர் யார்? எழுபது வயதான ஒரு திண்ணைப்பள்ளி வாத்தியார். தன் பள்ளிக்கூடத்தையே, பிள்ளைகளோடு சேர்த்து, இவர்கள் இருந்த வீட்டுக்குக் கொண்டுவந்து நடத்தினார். சீகன்பால்கு அந்தப் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பாதிரி அங்கி போட்ட ஒரு வெள்ளைக்காரர், கப்பல் களைப்பே தீராதவர், 'அ' வன்னாவின் சுழியைச் சரியாக வளைக்கத் தெரியாமல் விழிக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆறு வயதுப் பிள்ளை அதை ஒரே இழுப்பில் எழுதிவிட்டுப் போகிறது. எழுத்தைக் கொடுத்தவர் யார், வாங்கிக்கொண்டவர் யார்?

வாத்தியாருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். எழுத்து வந்தது, அர்த்தம் புரியவில்லை. அப்புறம்தான் அழகப்பன் வருகிறார். ஜெர்மன்காரர்கள் எழுதி வைத்த குறிப்புகளில் அவர் பெயர் 'அலெப்பா'. டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியில் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். போர்த்துகீசு, டேனிஷ், டச்சு, ஜெர்மன் எல்லாம் தெரிந்தவர். பேச்சுத் தமிழ், வழக்கம், சடங்கு, கதை என்று அத்தனையையும் சீகன்பால்கு கேட்டுத் தெரிந்துகொண்டது அவரிடம்தான். இதற்கு அழகப்பனுக்குக் கிடைத்தது என்ன? தரங்கம்பாடியை விட்டே வெளியேற்றப்பட்டார். அவர் பெயரை எந்த மேடையிலாவது கேட்டிருக்கிறீர்களா? வருஷா வருஷம் ஜூலை 9 அன்று மாலை போடுகிறீர்களே, ஒரு தடவையாவது அவரைப் பற்றிச் சொன்னீர்களா?

சீகன்பால்கு தன் அன்றாடப் படிப்பு எப்படி நடக்கிறது என்று ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். காலையில் பழைய சொற்களைத் திரும்பப் பார்ப்பது. எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை புதிய தமிழ் ஏடுகளைப் படிப்பது. பக்கத்தில் வயதான ஒரு புலவரும் ஒரு எழுத்தரும். புரியாத செய்யுளைப் புலவர் விளக்குவார், புதுச் சொல்லை எழுத்தர் குறித்துக்கொள்வார். சாப்பிடும்போதும் யாராவது படித்துக் காட்ட வேண்டும். இருட்டின பிறகு கண்ணுக்கு ஓய்வு கொடுக்க எழுத்தரே வாசிக்கக் கேட்டுக்கொண்டிருப்பார். இதைப் படித்தபோது அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை கூடியது. அவரே ஒளிக்காமல் எழுதி வைத்ததை நீங்கள் ஏன் ஒளிக்கிறீர்கள்?

1708இல் தன்னிடம் சேர்ந்த நூல்களுக்கு ஒரு பட்டியல் போட்டார். சைவம், வைணவம், சமணம் சார்ந்த தமிழ் நூல்கள் மட்டும் அதில் 119. ஆட்களை ஊர் ஊராக அனுப்பி, இறந்துபோன பிராமணர்களின் விதவைகளிடமிருந்து ஏடுகளை விலைக்கு வாங்கியதாக அவரே சொல்கிறார். அதே வருஷம் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்து அனுப்பினார். இவர்கள் காட்டுமிராண்டிகள் என்று ஐரோப்பாவில் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், மொழி தெரிந்த பிறகு அது தப்பு என்று புரிந்தது என்ற பொருள்பட எழுதினார். 1706இல் வந்து இறங்கினவர் இரண்டே வருஷத்தில் கண்டுகொண்ட உண்மை இது. முந்நூறு வருஷம் கழித்து நம் ஆள் ஒருவர் மைக் பிடித்து, நமக்கு எழுத்தே தெரியாமல் இருந்தது என்கிறார். அதற்கு நம் ஆட்களே கை தட்டுகிறார்கள். என்னால் தாங்க முடியவில்லை.

"எழுத்து என்று சொன்னது அச்சைத்தான், வாய் தவறிவிட்டது" என்று ஒரு நண்பர் சமாதானம் சொன்னார். சரி, அச்சுக்கே வருவோம். 1578 அக்டோபரில், கொல்லத்தில், என்ரிக் என்ரிக்கஸ் என்ற யேசு சபைப் பாதிரியார் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். தமிழ் எழுத்திலேயே, 16 பக்கம். சீகன்பால்கு பிறப்பதற்கு நூறு வருஷத்துக்கும் முன்னால். கத்தோலிக்கர் செய்தது என்பதால் அது கணக்கில் வராதா?

சீகன்பால்கின் அச்சுக்கதைக்கு இந்தப் பொய்ப் பெருமை தேவையே இல்லை. உள்ளது உள்ளபடி சொன்னாலே நெஞ்சு அடைக்கும். லண்டனிலிருந்து அச்சு இயந்திரத்தைக் கப்பலில் ஏற்றி அனுப்புகிறார்கள். அதை இயக்கத் தெரிந்த ஜோனாஸ் ஃபிங்க் என்பவரும் கூடவே வருகிறார். வழியில், பிரேசில் பக்கம், கப்பல் பிரெஞ்சுக்காரர்கள் கையில் சிக்குகிறது. எப்படியோ மீண்டு வரும்போது ஃபிங்க் நடுவழியில் இறந்துபோகிறார். 1712இல் இயந்திரம் மட்டும் வந்து சேர்கிறது, அதை ஓட்ட ஆள் இல்லை. கோட்டையில் சிப்பாயாக இருந்த ஒருவருக்கு அந்த வேலை தெரிந்திருந்ததால் தப்பித்தார்கள். ஹாலேயிலிருந்து வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகளோ மிகவும் பெரிசு. அதே அளவில் அடித்தால் காகிதம் பத்தாது. அதனால் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்தாக வார்த்தார்கள். பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கி வார்த்ததாகச் சொல்வார்கள். 1714இல் நாலு சுவிசேஷமும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் மீதிப் புதிய ஏற்பாடும் அச்சாகி வெளிவந்தன. காகிதத்துக்குப் பொறையாறில் ஆலையே வைத்தார்கள்.

இந்த ஈய மூடிக் கதையை நான் முதலில் சொன்னது என் அப்பாவிடம். என் அப்பா கம்போசிட்டர், அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். முப்பத்து நாலு வருஷம் ஒரே அச்சகத்தில் நின்றுகொண்டே வேலை பார்த்தார். இடது கையில் எழுத்தை வரியாக அடுக்கும் கம்போசிங் ஸ்டிக், வலது கை தானாக எழுத்துப் பெட்டியான கேஸுக்குப் போய் எழுத்தைப் பொறுக்கும். கண் கையெழுத்துப் பிரதியில்தான் இருக்கும். எழுத்தைத் தலைகீழாக, கண்ணாடியில் தெரிவதுபோல் படிப்பார். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது பழைய 'லை'யும் 'னை'யும் கேஸில் அப்படியே கிடந்து தூசி படிந்ததைப் பற்றி, செத்துப்போன பங்காளிகளைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்வார். விரல் நுனியில் எப்போதும் கறுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ப்பார், போகாது.

கதையைக் கேட்டுவிட்டு அப்பா கேட்டார்: "சரிடா, அந்த மூடிய உருக்கி ஊத்தினவன் யாரு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் என்னை இதையெல்லாம் தேடிப் படிக்க வைத்தது. எந்தக் கட்சியும் இல்லை, எந்த இயக்கமும் இல்லை.

அதனால் "நீ எந்தக் கூட்டத்து ஆள், எவ்வளவு வாங்கினாய்" என்று கேட்டவர்களுக்குச் சொல்கிறேன். என் பாட்டியின் வேதாகமம் என் வீட்டில்தான் இருக்கிறது. என் தாத்தா பாட்டி இரண்டு பேரும் படுத்திருப்பது சபைக் கல்லறைத் தோட்டத்தில். நாளைக்கு என்னையும் அங்கேதான் வைப்பார்கள். என்னைத் துரோகி என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

என் கமெண்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "பார்த்தீர்களா, அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்" என்று பகிர்ந்த மறுபக்கத்துக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நான் உங்களுக்காக எழுதவில்லை. ஆமாம், மதம் மாற்றத்தான் வந்தார். அவர் அதை மறைத்ததே இல்லை. ஆனால் அதே மனிதர் 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூலை எழுதி ஹாலேவுக்கு அனுப்பினார். புறமதத்தை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்று அவருடைய குரு பிராங்கேயே அதை ஒதுக்கிவிட்டார். 1867இல் சென்னையில்தான் அது அச்சேறியது. ஒரு விதவையின் கடன் வழக்கில் பரிந்து பேசப் போய், 1708 நவம்பரிலிருந்து நாலு மாதம் டேனிஷ்காரர்களின் சிறையிலேயே கிடந்தார். எழுதப் பேனாவும் மையும்கூடக் கொடுக்கவில்லை. அவரை வெறும் கம்பெனி ஆள் என்று ஒரு வரியில் தள்ளிவிட முடியாது.

சபையில் சாதிவாரியாகத் தனித்தனி இடம் ஒதுக்கி உட்கார வைத்தார்களே என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். உண்மை. தரங்கம்பாடியில் அது இருந்தது. அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை தம்பி.

ஆனால் "மேடைப் பேச்சு என்றால் கொஞ்சம் மிகை இருக்கத்தான் செய்யும், இதையெல்லாம் பெரிசுபடுத்தலாமா" என்று கேட்கிறார்களே, அதை மட்டும் என்னால் விடவே முடியாது. மிகை என்றால் ஐயரை ஒரு முழம் உயர்த்திச் சொல்லுங்கள், யார் வேண்டாம் என்றது? அவரை உயர்த்துவதற்கு அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களை ஏன் மண்ணில் போட்டு மிதிக்க வேண்டும்? அந்தத் திண்ணைப்பள்ளி வாத்தியாரின் மகன் கணபதி வாத்தியார் இளம் புலவர், ஞானஸ்நானம் வாங்கி, கிறிஸ்தவப் பாட்டுகளைத் தமிழில் கட்டிக் கொடுத்தவர். நம் சபையில் அவரை எத்தனை பேருக்குத் தெரியும்? சீகன்பால்கு கேட்ட கேள்விகளுக்குத் தமிழர்கள் பதில் எழுதிய கடிதங்கள் 99, ஹாலேயில் ஜெர்மன் மொழியில் அச்சாயின. எழுதியவர்களின் பெயர் போடாமல். அன்றைக்கு அங்கே பெயரை எடுத்தார்கள். இன்றைக்கு நீங்கள் ஆளையே எடுத்துவிட்டீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு சபையின் ஆண்டுவிழா மலர் அப்பா வேலை பார்த்த அச்சகத்துக்கு வந்தது. நாள் நெருக்கடி. அப்பா பதினோரு ராத்திரி கண் விழித்து எழுத்துக் கோத்தார். அம்மா சோற்றுத் தூக்கை என்னிடம் கொடுத்து அனுப்புவார், நான் சைக்கிளில் கொண்டுபோவேன். ஆசிரியர் குழு கவனிக்காமல் விட்ட வசன எண்களைக்கூட அப்பாதான் வேதாகமத்தை விரித்து வைத்துத் திருத்தினார். மலர் வந்தது. கடைசிப் பக்கத்தில் நன்றிப் பட்டியல். பிஷப்பிலிருந்து, விளம்பரம் கொடுத்த ஜவுளிக்கடை, பந்தல் போட்டவர், ஒலிபெருக்கிக்காரர் வரை எல்லார் பெயரும் இருந்தது. அப்பா அந்தப் பக்கத்தையும் தன் கையாலேயே கோத்திருக்கிறார். தன் பெயர் இல்லாத பட்டியலை, எழுத்து எழுத்தாகப் பொறுக்கி, பிழையில்லாமல். அதைப் பற்றி அப்பா ஒரு நாளும் பேசியதில்லை. நான்தான் மறக்காமல் வைத்திருக்கிறேன்.

சீகன்பால்குக்கும் கடைசியில் இதுதானே நடந்தது. 1718இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்தார். கோபன்ஹேகனில் மிஷன் நிர்வாகத்தில் உட்கார்ந்திருந்தவர்களோ, கட்டடம் எதற்கு, பணம் எதற்கு என்று கடிந்து கடிதம் எழுதினார்கள். உடம்பு ஏற்கெனவே விட்டுப்போயிருந்தது. 1719 பிப்ரவரி 23 அன்று 36 வயதில் இறந்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரைதான் மொழிபெயர்க்க முடிந்தது. அதே ஆலயத்துக்குள் படுத்திருக்கிறார். சொந்த ஆட்களிடம் பேச்சு வாங்குவது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

தம்பி, நேற்று ராத்திரி மெசேஜில் நீ கேட்டதற்கு என் பதில் இவ்வளவுதான். போனில் பேசினால் எனக்குக் கோபம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு வா. பெரியப்பாவின் கம்போசிங் ஸ்டிக் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது, எடுத்துக் காட்டுகிறேன்.