இஞ்சின் ஒமேகாவோடது, செயின் ரோலக்ஸோடது

சிங்கப்பூர்ல இருக்கற எங்க பெரியம்மா பையன், அண்ணன், லீவுக்கு வந்திருந்தாரு. கையில ரோலக்ஸ் சப்மரைனர், பெட்டியில ஒமேகா சீமாஸ்டர் டைவர் 300எம். "டேய், ரெண்டு வாரம் மாத்தி மாத்தி கட்டிக்கோ, கீறல் மட்டும் போட்றாத"ன்னு குடுத்தாரு. நான் பல வருஷமா கட்டுறது ஒரு பழைய செய்கோ எஸ்கேஎக்ஸ், அதுவும் டைவ் வாட்ச்தான், 200 மீட்டர் தாங்கும், ஆனா நான் அதோட இறங்கின ஆழம்னா வேளச்சேரி மழைத்தண்ணியில முழங்கால் வரைக்கும்.

முதல்ல ஒன்னு சொல்லிடறேன். வாட்ச் பத்தி பேசற எல்லாரும் மூவ்மென்ட், மூவ்மென்ட்னு, அதாவது உள்ள ஓடற இஞ்சின பத்தியே, உயிர விடுவாங்க, நானும் அந்தக் கூட்டம்தான். ரெண்டு வாரத்துல அது கொஞ்சம் ஆட்டம் கண்டுடுச்சு.

இஞ்சின் கதைய பார்ப்போம். சப்மரைனர்ல, தேதி இல்லாத மாடல்ல, 2020லேர்ந்து 3230ன்னு ஒரு மூவ்மென்ட் வருது. 70 மணி நேரம் ஓடும், நாளுக்கு ரெண்டு செகண்டுக்கு மேல முன்ன பின்ன போகாதுன்னு கம்பெனியே சொல்லுது. ஒமேகாவுல 8800, 55 மணி நேரம். காகிதத்துல ரோலக்ஸ் ஜெயிச்சிடுச்சு இல்லையா? வாழ்க்கையில எப்படின்னா, வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஏழு மணிக்கு கழட்டி வச்சா ரோலக்ஸ் திங்கக்கிழமை சாயந்திரம் வரைக்கும் ஓடும், ஒமேகா திங்கக்கிழமை விடியக்காலம் ரெண்டு மணிக்கே நின்னு போயிடும், ஆபீஸ் கெளம்பற அவசரத்துல டைம் வச்சு சாவி குடுத்துட்டு நிக்கணும். என் செய்கோவுக்கு அந்த சாவி குடுக்கற வசதிகூட கிடையாது, கையில கட்டி ஆட்டி ஆட்டித்தான் ஓட வைக்கணும், பஸ் ஸ்டாப்ல நின்னு ஆட்டினா பக்கத்துல நிக்கறவன் ஒரு மாதிரி பார்ப்பான்.

ஆனா இஞ்சினியரிங்னு பார்த்தா என் ஓட்டு ஒமேகாவுக்குத்தான். காரணம் இருக்கு. சுவிஸ் வாட்ச் முக்கால்வாசியிலயும் இருக்கறது லீவர் எஸ்கேப்மென்ட் (ஸ்பிரிங்கோட சக்திய டிக் டிக்னு அளந்து விடற பாகம்), அதுல சக்கரத்தோட பல்லு ஒரு குட்டி கல்லு மேல உரசிகிட்டே நகரும், அந்த உரசலுக்கு எண்ணெய் வேணும், எண்ணெய் காஞ்சா வாட்ச் டைம் தப்பும். ஜார்ஜ் டேனியல்ஸ்னு ஒரு இங்கிலாந்துக்காரர் 1970கள்ல உக்காந்து யோசிச்சு, உரசறதுக்கு பதிலா தள்ளி விடற மாதிரி கோ-ஆக்ஸியல்னு ஒன்னு கண்டுபிடிச்சாரு. கம்பெனி கம்பெனியா ஏறி இறங்கி, கடைசியா 1999ல ஒமேகாதான் அத வாட்ச்ல போட்டு வித்தது. ரோலக்ஸ் அந்தப் பக்கம் போகல, பழைய லீவரையே செதுக்கி மெலிசாக்கி 15 சதவீதம் சிக்கனமாக்கி க்ரோனர்ஜின்னு பேரு வச்சுகிச்சு. அதுவும் புத்திசாலித்தனம்தான். ஆனா பழைய வீட்டுக்கு வெள்ளையடிக்கறது வேற, புது அஸ்திவாரம் போடறது வேற.

அப்பறம் காந்தம். இத நான் அடிபட்டு கத்துகிட்டவன். ஒருதடவ செய்கோ திடீர்னு ஒரு நாளைக்கு நாலு நிமிஷம் வேகமா ஓட ஆரம்பிச்சுது. கடையில குடுத்தேன், திறந்து பார்த்துட்டு முழு சர்வீஸ் பண்ணணும்னாங்க, பணமும் கட்டிட்டேன், ஒரு வாரம் கழிச்சு வந்தா அதே நாலு நிமிஷம். அப்பறம் பையனோட ஸ்கூல் திசைகாட்டிய பக்கத்துல கொண்டு போனா முள்ளு பேயாடுது. என்னன்னா, நான் தினம் ராத்திரி வாட்ச வச்சது காந்தம் வச்ச போன் கவர் மேல. உள்ள டைம காக்கற மெல்லிசான ஹேர்ஸ்பிரிங்கோட சுருள் ஒன்னோட ஒன்னு ஒட்டிகிட்டா ஸ்பிரிங் நீளம் குறைஞ்ச மாதிரி ஆயிடும், வாட்ச் வேகமா ஓடும், அவ்வளவுதான் விஷயம். காந்தம் எடுக்கற குட்டி பெட்டி ஒன்னு ஆன்லைன்ல வாங்கி பட்டன அமுக்கினேன், அஞ்சு செகண்டுல சரியாயிடுச்சு. கட்டின பணம் கட்டினதுதான். ஒமேகா 8800ல அந்த ஸ்பிரிங்கே சிலிக்கன், 15,000 காஸ் (காந்த பலத்தோட அளவு) காந்தத்தையும் தாங்கும்னு சுவிஸ் அரசாங்கத்தோட அளவியல் நிறுவனம் மெட்டாஸ் சர்டிபிகேட் குடுக்குது. என்ன மாதிரி ஆளுக்கு 70 மணி நேரத்த விட இதுதான் பெரிசு.

இவ்வளவு சொல்லிட்டு ஏன் செயின் ரோலக்ஸோடதுன்னேன்? ஞாயித்துக்கிழம காலையில இட்லி ஊத்தி பன்னெண்டு நிமிஷம் பெசல்ல, அதாவது நேரம் அளக்க கண்ணாடிய சுத்தி திருப்பற வளையத்துல, வைக்கலாம்னு பார்த்தேன். கையில ஈரம், கொஞ்சம் மாவு. ஒமேகா பெசல் ஓரம் அலை அலையா வளைஞ்சு இருக்கும், பாக்க அழகு, விரல் வழுக்கிட்டே இருக்கு. சட்டை துணிய வச்சு புடிச்சு திருப்பினேன். கடலுக்கடியில கையுறை போட்டவன் என்ன பண்ணுவான்? மறுவாரம் அதே இட்லி, சப்மரைனர். ஓரம் நாணயம் மாதிரி வெட்டு வெட்டா இருக்கு, ஈரக்கையில டக் டக்னு ஒவ்வொரு அரை நிமிஷமா வந்து நிக்குது. மத்தியான வெயில்ல கை வீங்கினா செயின் கொக்கிய லேசா தூக்கி ரெண்டு ரெண்டு மில்லிமீட்டரா தளர்த்திக்கலாம், கழட்டவே வேணாம். நாளைக்கு நாலு தடவ தொட்டேன் அந்த கொக்கிய. மூவ்மென்ட தொட முடியுமா சொல்லுங்க, ரோலக்ஸ்ல கண்ணால பாக்கக்கூட முடியாது, பின்னாடி மூடிதான்.

ஒமேகாவுல பத்து மணி பக்கத்துல துருத்திகிட்டு ஒரு ஹீலியம் வால்வு வேற. நாள்கணக்கா அழுத்தக் கூண்டுல தங்கி வேலை பார்க்கற டைவருங்களுக்கு, உள்ள புகுந்த ஹீலியம் மேல வரும்போது கண்ணாடிய தள்ளி விடாம இருக்க அது. உலகத்துல அப்படி எத்தன பேரு இருப்பான், நம்ம கையில எதுக்கு? ஆனா நாம ரேடியம்னு சொல்ற ஒளிர்ற பூச்சுல ஒமேகா ஒரு நல்ல வேலை பண்ணிருக்கு: எல்லாம் நீலமா ஒளிரும், நிமிஷ முள்ளும் பெசல் புள்ளியும் மட்டும் பச்சை. இருட்டுல டைவர் பாக்க வேண்டியது அந்த ரெண்டுதான்.

மூணாவதா பிளாங்க்பைன் கம்பெனியோட டைவ் வாட்ச் ஃபிஃப்டி ஃபேதம்ஸ், அண்ணனோட ஒரு கடைக்கு போய் பதினஞ்சு நிமிஷம்தான் கட்டிப் பார்த்தேன், அதனால தீர்ப்பு சொல்லல. 1953ல வந்தது, சப்மரைனரும் அதே வருஷம்தான். அப்ப கம்பெனிய நடத்தின ஜான் ஜாக் ஃபியெஷ்தரே டைவர், தண்ணிக்கடியில நேரம் தெரியாம காத்து தீர்ந்து போய் தப்பிச்சவர். அதனாலதான் பெசல் தெரியாம இடிபட்டு நகரக்கூடாதுங்கறதுல அவ்வளவு பிடிவாதம், ஆனா ஆரம்பகால சப்மரைனர் பெசல் ரெண்டு பக்கமும் சுத்தும். ஃபேதம்னா வேற ஒன்னுமில்ல, நம்ம மீனவருங்க ரெண்டு கையையும் விரிச்சு கயிறு அளக்கற பாகம்தான், அம்பது பாகம் 300 அடி. இப்ப வர்ற 1315 மூவ்மென்ட்ல மூணு ஸ்பிரிங் டப்பா, அஞ்சு நாள் ஓடும், பெசல் மேல சஃபையர் கண்ணாடி குவிஞ்சு தேன் துளி மாதிரி நிக்குது, அவ்வளவு அழகு. ஆனா 45 மில்லிமீட்டர் அகலம், 15க்கு மேல தடிமன், என் மணிக்கட்டுல டிபன் பாக்ஸ் மூடி வச்ச மாதிரி இருந்துச்சு. அதுல தேதிய நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல சாய்ச்சு வச்சவன மட்டும் மன்னிக்க மாட்டேன்.

அண்ணன் ஊருக்கு கெளம்பறப்ப எதுடா புடிச்சுதுன்னாரு. ஒமேகா மூவ்மென்ட எடுத்து ரோலக்ஸ் கேஸ்ல போட்டு குடுங்கன்னேன். தலையில தட்டிட்டு ரெண்டையும் வாங்கி பெட்டியில வச்சுகிட்டாரு. பிளாங்க்பைன் இப்ப 42 மில்லிமீட்டர் சைஸ்லயும் வருது, சென்னையில யாராவது கட்டியிருந்தா சொல்லுங்க, ஒரு டீ வாங்கித் தரேன், அஞ்சு நிமிஷம் கையில போட்டு பாத்துட்டு குடுத்துடறேன்.