நேராகப் போய் இடப்பக்கம் திரும்பினால் கடல்

ஆட்டோக்காரர்: டீச்சர், நான் சண்டைக்கு வரவில்லை. இன்றைக்குக் கைவிட்டுப் போன சவாரிக்கு யார் பொறுப்பு என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

டீச்சர்: சண்டைக்கு வராதவர் ஆட்டோவை ஏன் அண்ணா வகுப்பு வாசல் வரைக்கும் ஓட்டி வந்தீர்கள்?

ஆட்டோக்காரர்: நம் மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுச் சிற்பத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. ஐந்து ரதம் போக வேண்டுமாம். இருநூறு ரூபாய் என்றேன். அந்த அம்மா ஏறுவதற்கு ஒரு காலைத் தூக்கியும் விட்டார். அப்போது என் மகள், பெற்ற மகள், குறுக்கே வந்து, "யூ டோன்ட் நீட் அன் ஆட்டோ" என்கிறாள். தூக்கிய கால் இறங்கிவிட்டது.

டீச்சர்: "அன் ஆட்டோ" என்றா சொன்னாள்?

ஆட்டோக்காரர்: ஆமாம்.

டீச்சர்: அப்பாடா! போன வாரம் வரைக்கும் "நோ நீட் ஆட்டோ" என்றுதான் எழுதிக்கொண்டிருந்தாள்.

ஆட்டோக்காரர்: நோட்டைப் பார்த்தேன். சிவப்பு மையால் நீங்கள் திருத்தியதையும் பார்த்தேன். அவள் எழுதியபடி விட்டிருந்தால் வந்தவர்களுக்குப் புரியாமலாவது போயிருக்கும். அந்த வழியையும் அடைத்துவிட்டீர்கள். மனதைத் தொட்டுச் சொல்லுங்கள், ஆட்டோக்காரர்கள் மீது உங்களுக்கு என்ன கோபம்? யாராவது மீட்டருக்கு மேல் கேட்டார்களா?

டீச்சர்: மீட்டரா? உங்கள் வண்டியில் மீட்டர் இருக்கிறதா?

ஆட்டோக்காரர்: பேச்சை மாற்றாதீர்கள்.

டீச்சர்: அது வழி சொல்லும் பாடம் அண்ணா. பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் ஒரு வரைபடம் கொடுப்பார்கள். ஒரு வங்கி, ஒரு தபால் நிலையம், ஒரு பூங்கா, ஓர் ஆஸ்பத்திரி. ஊருக்குப் புதிதாக வந்த ஒருவருக்கு வழி சொல்ல வேண்டும், 2 மதிப்பெண். பிள்ளைகள் படத்தைப் பார்ப்பதே இல்லை. "நேராகப் போ, இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் ஆஸ்பத்திரி" என்று நெட்டுருப் போட்டு வைத்திருக்கிறார்கள். அதனால் எட்டாம் வகுப்பிலேயே நம் ஊரை வரையச் சொன்னேன். உங்கள் மகள் என்ன எழுதினாள் தெரியுமா? "தெற்கே நடங்கள். உளிச் சத்தம் கேட்டால் சரியான பாதையில் போகிறீர்கள். கலங்கரை விளக்கம் வலப்பக்கம் இருக்க வேண்டும். இடப்பக்கம் திரும்பினால் கடல்."

ஆட்டோக்காரர்: அதைத்தான் அவர்களிடமும் சொன்னாள். கூடவே ஒன்றரைக் கிலோமீட்டர்தான் என்று தூரத்தையும் சொல்லிவிட்டாள். தூரத்தைச் சொல்லலாமா டீச்சர்? அது தொழில் இரகசியம்.

டீச்சர்: ஒன்றரைக் கிலோமீட்டருக்கு இருநூறு ரூபாயா?

ஆட்டோக்காரர்: நாங்கள் தூரத்துக்கா வாங்குகிறோம்? வெயிலுக்கு வாங்குகிறோம்.

(மாமல்லபுரத்து மே மாத மதியத்தில் நடந்து பார்த்தவர்கள் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.)

டீச்சர்: நியாயம்தான். அடுத்த முறை வெயிலையும் சேர்த்து எழுதச் சொல்கிறேன்.

ஆட்டோக்காரர்: இது மட்டுமா! வெண்ணெய் உருண்டைப் பாறையைக் காட்டினால் வருகிறவர்கள் எல்லாரும் "விழுந்துவிடுமா" என்று கேட்பார்கள். "நோ ஃபால், நோ ஃபால்" என்று சொல்லித்தான் இத்தனை வருடம் பிழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை இவள் கூட வந்தாள். "இட் லுக்ஸ் அஸ் இஃப் இட் இஸ் கோயிங் டு ஃபால்" என்று ஒரு முழ நீளத்துக்கு ஆரம்பித்தாள். முடிப்பதற்குள் எல்லாரும் பத்தடி தள்ளிப் போய்விட்டார்கள். ஏழு யானைகள் இழுத்தும் நகராத பாறை என்று அதைச் சொல்வார்கள். அதன் அடியில் நின்ற என் சவாரியை ஒரே வாக்கியத்தில் நகர்த்திவிட்டாள்.

டீச்சர்: அதற்குப் பின்னால் "ஆனால் விழாது" என்று ஒரு பாதி இருக்கிறதே, அதைச் சொல்லவில்லையா?

ஆட்டோக்காரர்: சொன்னாள். கேட்க ஆள் இல்லை.

டீச்சர்: சரி, பிள்ளை இவ்வளவு பேசுகிறாளே, அதில் உங்களுக்குச் சந்தோஷமே இல்லையா?

ஆட்டோக்காரர்: பேசுவது இருக்கட்டும், நோட்டு காலியாக இருக்கிறதே! பக்கத்து வீட்டுப் பெண்ணின் நோட்டைத் தூக்கவே முடியவில்லை. கேள்வி, பதில், கேள்வி, பதில். என் மகள் நோட்டில் ஒரு வரைபடம், ஒரு பாறை, ஒரு மீன்கடை விலைப்பட்டியல்.

டீச்சர்: பார்வையிட வருகிற அதிகாரிகளும் இதையேதான் கேட்கிறார்கள். நோட்டைப் புரட்டுகிறார்கள், சிவப்பு மை எத்தனை பக்கம் என்று பார்க்கிறார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். "உன் பெயர் என்னம்மா" என்று ஒரு பிள்ளையிடம் ஆங்கிலத்தில் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சரி, உங்கள் மூத்தவனுடைய நோட்டு எப்படி இருந்தது?

ஆட்டோக்காரர்: அவனா! தனியார் பள்ளி. வட்டிக்கு வாங்கிக் கட்டினேன். நோட்டு செங்கல் கனம். பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் 98. நீங்கள் சொன்ன அந்த 2 மதிப்பெண்ணும் முழுசாக வாங்கினான்.

டீச்சர்: அவன் யாருக்காவது வழி சொல்லியிருக்கிறானா?

ஆட்டோக்காரர்: (குரல் இறங்கி) ஒரு முறை. 2022இல் இங்கே செஸ் ஒலிம்பியாட் நடந்ததே, அப்போது. மதிப்பெண் வந்த புதிது. பார்க்க வந்த ஒருவர் இவனிடம் ஐந்து ரதத்துக்கு வழி கேட்டார். இவன் கையைக் கட்டிக்கொண்டு, "கோ ஸ்ட்ரெய்ட், டர்ன் லெஃப்ட்" என்று ஒப்பித்தான்.

டீச்சர்: வலப்பக்கம் ஆஸ்பத்திரி?

ஆட்டோக்காரர்: வலப்பக்கம் ஆஸ்பத்திரி. அந்த மனிதர் நம்பிப் போனார். சாயங்காலம் கடற்கரை மணலில் படகுகளுக்கு நடுவே நின்று ஆஸ்பத்திரியைத் தேடிக்கொண்டிருந்தார். நான்தான் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

டீச்சர்: எவ்வளவு வாங்கினீர்கள்?

ஆட்டோக்காரர்: அது வேறு விஷயம். இப்போது கல்லூரியில் படிக்கிறான். வெளிநாட்டுக்காரர் யாராவது எதிரே வந்தால் ஆட்டோவுக்குப் பின்னால் போய் டயரைப் பார்க்கிறான். தினமும் பார்க்கிறான். டயரில் ஒன்றும் இல்லை.

டீச்சர்: உங்களுக்கு மட்டும் எப்படி ஆங்கிலம் வந்தது? பள்ளிக்கூடத்திலா?

ஆட்டோக்காரர்: எங்கள் ஆங்கில வாத்தியார் முட்டி போட வைப்பார். முட்டி நன்றாக ஞாபகம் இருக்கிறது, அவர் முகம் ஞாபகம் இல்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், சிற்பம் பார்க்க வந்து மாதக்கணக்கில் தங்கிய ஒரு பிரெஞ்சுக்கார அம்மா. அவருக்கும் ஆங்கிலம் சரியாக வராது. அதனால்தான் எங்களுக்குள் நன்றாகப் புரிந்தது.

டீச்சர்: தப்பாகப் பேசினால் திட்டுவாரா?

ஆட்டோக்காரர்: திட்டுவதற்கு எது தப்பு என்று தெரிந்திருக்க வேண்டுமே! சிரிப்பார். நானும் சிரிப்பேன். வண்டி ஓடும்.

டீச்சர்: இதைத்தான் அண்ணா நாங்கள் பயிற்சி வகுப்பில் இரண்டு நாள் உட்கார்ந்து பவர்பாயிண்டில் படிக்கிறோம். படைப்பாற்றலோடு ஆங்கிலம் கற்பிப்பது எப்படி என்று தலைப்பு. அதை மைக் பிடித்து நடத்துகிறவர், ஒரு வரி விடாமல் திரையைப் பார்த்து வாசிக்கிறார்.

ஆட்டோக்காரர்: வலப்பக்கம் ஆஸ்பத்திரி.

டீச்சர்: அதேதான். சரி, வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா? அடுத்த பாடம் பேரம் பேசுவது. விலை கேட்பது, குறைத்துக் கேட்பது, மறுப்பது. எதிரே நின்று பேச அசல் ஆட்டோக்காரர் ஒருவர் வேண்டும்.

ஆட்டோக்காரர்: பேரமா! டீச்சர், வழியைச் சொல்லிக்கொடுத்தீர்கள், பொறுத்துக்கொண்டேன். நாற்பது பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் பேரமும் சொல்லிக்கொடுத்தால் ஊரில் ஒருத்தன் வண்டி ஓட்ட முடியுமா?

டீச்சர்: உங்கள் வாயிலிருந்து கற்றுக்கொண்டால் உங்கள் பக்கத்து நியாயமும் சேர்ந்து வரும்.

ஆட்டோக்காரர்: (யோசித்து) வருகிறேன். ஆனால் மூத்தவனையும் கூட்டி வருவேன். பின்வரிசையில் உட்காரட்டும்.

டீச்சர்: 98 வாங்கியவன் எட்டாம் வகுப்பு பெஞ்சில் எப்படி உட்காருவான்? வெட்கப்பட மாட்டானா?

ஆட்டோக்காரர்: டயரைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிடவா? அதிருக்கட்டும், வெள்ளிக்கிழமை வந்து போக எனக்கு என்ன தருவீர்கள்?

டீச்சர்: ஐம்பது ரூபாய்.

ஆட்டோக்காரர்: இருநூறு.

டீச்சர்: உங்கள் ஸ்டாண்டிலிருந்து பள்ளிக்கூடம் பார்வைக்குத் தெரிகிறது அண்ணா.

ஆட்டோக்காரர்: மதியம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? வெயில், டீச்சர், வெயில்.