வாளையாறு தாண்டினாலும் பொறுப்பு போகாது
"கலப்படப் பால் லோடு எல்லையிலுள்ள வாளையாறு தாண்டிவிட்டால் அனுப்பிய பொள்ளாச்சிக்காரருக்குப் பொறுப்பில்லை, விற்ற கேரளக் கடைக்காரர்தான் மாட்டுவார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம் மத்தியச் சட்டம். அதன் 27ஆம் பிரிவு தயாரிப்பவர், பொட்டலமிடுபவர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், விற்பவர் எல்லோரையும் பிடிக்கும். கடைக்காரர் மாட்டுவது காலாவதிச் சரக்கை விற்றாலோ, கெட்டதென்று தெரிந்தே வாங்கினாலோ, சட்டம் சொல்லும் இன்னும் சில காரணங்களாலோதான். அதனால் யாரிடம் வாங்கினீர்கள் என்று காட்ட பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள், கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைக் கடைக்காரர்களே!

அப்புறம், எல்லாக் கலப்படத்துக்கும் ஜெயில் என்று நினைப்பதும் சரியில்லை. பாலில் தண்ணீர் கலந்து தரம் குறைந்தால் 5 லட்சம் வரை அபராதம். உடலுக்குக் கேடான கலப்படம் என்றால்தான் சிறை. அதனால் உயிர் போனால் குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் தண்டனை வரை போகலாம். கேரள எல்லையிலுள்ள மீனாட்சிபுரம் சோதனைச்சாவடியில் பாலைச் சோதிப்பது சும்மா இல்லை.