ராத்திரி பதினொரு மணிக்கும் சுடுகிற சுவர்

கோடை வந்தால் எல்லோரும் சொல்கிற அறிவுரை ஒன்றுதான்: உச்சி வெயிலில் வெளியே போகாதீர்கள். சரி. என் அப்பா போகவே இல்லை. இரண்டு வருடம் முன்பு அவர் தள்ளாடி விழப்போனது ராத்திரி இரண்டு மணிக்கு, கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவே. மாடி அறை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தச் சுவரே சுட்டது. விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டர் நாடித்துடிப்பு 112 என்றது. அதுவரை படுத்துக்கிடந்த மனிதருக்கு!

டாக்டர் விளக்கியபோதுதான் புரிந்தது. உடம்பின் சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்கு வந்தாக வேண்டும். சாதாரணமாக நிமிடத்துக்கு அரை லிட்டர்கூடத் தோலுக்குப் போகாது. கடும் சூட்டில் இது 7, 8 லிட்டர் வரை போகலாம். ஓய்வில் இருக்கும் இதயம் நிமிடத்துக்கு இறைக்கும் மொத்த ரத்தமே சுமார் 5 லிட்டர்தான். அந்த வேலைப்பளுவை யோசித்துப் பாருங்கள். கூடவே வியர்வையில் தண்ணீர் போய் ரத்தம் கெட்டிப்படுகிறது. சோடியம், பொட்டாசியம் ஏறி இறங்கித் துடிப்பின் தாளம் தப்பலாம். காற்றில் ஈரம் அதிகமென்றால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து கொட்டும். வழிகிற வியர்வையால் உடம்பு குளிராது.

அப்பா பிரஷருக்கு நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர். வியர்வை ஒரு பக்கம், மாத்திரை ஒரு பக்கம் என்று தண்ணீர் போயிருக்கிறது. டாக்டர் கோடைக்கு மட்டும் அளவைக் குறைத்தார். (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது இன்னும் ஆபத்து. கோடை தொடங்கும்போதே போய்க் கேளுங்கள்.)

எனக்கு ஆத்திரம் ராத்திரியைப் பற்றித்தான். கான்கிரீட்டும் தாரும் பகலெல்லாம் குடித்த சூட்டை இருட்டிய பிறகு கக்குகின்றன. பக்கத்து வீட்டு ஏசி தன் பங்குக்கு அனலைச் சந்தில் ஊதுகிறது. தூக்கத்தில் நிதானமாக வேண்டிய இதயம் விடியும்வரை ஓவர்டைம் பார்க்கிறது. செய்தியில் மட்டும் பகல் உச்ச வெப்பத்தைத்தான் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள்.

இப்படிச் சூட்டில் இதயம் தாங்காமல் இறந்துபோகிறவர்களின் சான்றிதழில் பெரும்பாலும் மாரடைப்பு என்றுதான் இருக்கும். வெயில் என்ற சொல்லே வராது. 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. வழக்கமான மே மாதச் சாவுகளோடு ஒப்பிட்டபோது 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள். அப்படிக் கணக்குப் போட்டதால்தான் வெளியே தெரிந்தது. 2013இல் அந்த நகரம் வெப்பத்தைச் சமாளிக்கத் தனித் திட்டமே கொண்டுவந்தது. கணக்கே போடாத ஊர்களில் எத்தனை பேரோ.

இப்போதெல்லாம் நான் வானிலையில் குறைந்தபட்ச வெப்பத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். அது 28ஐத் தாண்டினால் அப்பாவின் கட்டில் கீழ்த்தளத்துக்கு இறங்கிவிடும். கீழே கொசு அதிகமாம். தினமும் அதற்கு ஒரு சண்டை.