கேட் போட்டால் கடல் உங்களுடையதாகிவிடுமா?

சென்னை ஈசிஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், கடற்கரைக்குப் போன ஒருவரைக் குடியிருப்பு கேட்டில் தடுத்த அந்த வீடியோவை நான் மறுபடியும் இங்கே போடப்போவதில்லை, எல்லோரும் பார்த்தாகிவிட்டது. தோளில் பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்கிற அண்ணன், "பீச்சுக்குத்தான் சார் போறோம்" என்று இறங்கிப்போகும் அவர் குரல், குறுக்கே கை நீட்டுகிற வாட்ச்மேன், கேட்டில் "குடியிருப்போர் மட்டும்" பலகை. வாட்ச்மேன் மேல் எனக்கு வருத்தமே கிடையாது. நாள் முழுக்க பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள் சொன்னதைச் செய்கிறவர் அவர். அவருடைய பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் அதே கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். எனக்கு எரிவது அந்த வீடியோவுக்குக் கீழே ஓடிய கமெண்டுகளைப் பார்த்துத்தான்.

"திறந்துவிட்டா நாறடிச்சிடுவாங்க." "மெரினாவை வெச்சிருக்கிற லட்சணம் தெரியாதா?" "கோடி கோடியா கொடுத்து வாங்கினவனுக்கு நிம்மதி வேணாமா?" இதெல்லாம் முகம் தெரியாதவர்கள் எழுதியது, போகட்டும். கட்டடக்கலை படித்த, என் நட்புப் பட்டியலிலேயே இருக்கிற நண்பர் ஒருவர், "அழகான கடற்கரை வேண்டுமென்றால் கொஞ்சம் கட்டுப்பாட்டையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்" என்று பக்குவமாக எழுதியிருந்தார். நாறடிச்சிடுவாங்க என்பதையே இஸ்திரி போட்டுச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்றுதான் நான் சொல்ல வருவது. கடற்கரை எல்லோருக்கும் சொந்தம் என்று யாரைக் கேட்டாலும் தலையாட்டுவார்கள். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. அலை வந்து போகிற மணலுக்கு யாரும் பட்டா வைத்திருக்க முடியாது. சரி, அந்த மணலுக்குப் போகிற வழி? அதை அடைத்துவிட்டால் மணல் யாருடையதாக இருந்து என்ன? நீலாங்கரையில் தொடங்கி ஈஞ்சம்பாக்கம், பனையூர், உத்தண்டி என்று ஈசிஆரில் போய்ப் பாருங்கள். இடது பக்கம் கிழக்கே இறங்கும் தெருக்களில் எத்தனை கடைசிவரை போகின்றன, எத்தனை நடுவில் ஒரு கேட்டோடு நின்றுவிடுகின்றன என்று பார்த்துக்கொண்டே போங்கள். கடல் அந்தப் பக்கம்தான் இருக்கிறது, சத்தம் கேட்கிறது, உப்புக்காற்று முகத்தில் அடிக்கிறது. தண்ணீரை மட்டும் பார்க்க முடியாது. பார்க்கிற உரிமை மூன்றாவது மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் போய்விட்டது.

ஒரு லேஅவுட்டுக்கு, அதாவது மனைப்பிரிவுக்கு, அங்கீகாரம் வாங்கும்போது உள்ளே போடுகிற சாலைகளை ஊராட்சிக்கோ மாநகராட்சிக்கோ தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு அது பொதுச் சாலை. தெருவிளக்குக்கும் தார் போடுவதற்கும் பொதுப்பணம் வேண்டும், கேட் மட்டும் சங்கத்தினுடையது என்றால் என்ன நியாயம்? பொதுச் சாலையில் கேட் போட எந்தக் குடியிருப்போர் சங்கத்துக்கும் அதிகாரம் கிடையாது. இதைச் சொன்னால், "பாதுகாப்புக்காகப் போட்டது சார்" என்பார்கள். யாரிடமிருந்து பாதுகாப்பு? தோளில் இருந்த அந்தப் பிள்ளையிடமிருந்தா?

கடலோர ஒழுங்காற்று விதிகள் என்று ஒன்று இருக்கிறது. கடலை ஒட்டிய இடத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது அலை ஏறிவருகிற எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை என்ன கட்டலாம், என்ன கட்டக்கூடாது என்று அது சொல்லும். 2011-ல் கிராமப்புறக் கடற்கரைகளில் 200 மீட்டருக்குக் கட்டுமானமே கூடாது என்றிருந்தது. 2019-ல் மக்கள் நெருக்கம் அதிகமுள்ள கிராமப் பகுதிகளுக்கு அதை 50 மீட்டராகக் குறைத்துவிட்டார்கள். 200 எங்கே, 50 எங்கே! அதற்கும் மேல் ஈசிஆர் வீட்டுக்காரர்கள் காம்பவுண்டு சுவரை மணல்வரை இழுத்து, சுவர் மேல் கண்ணாடிச் சில்லு பதித்து, கடலைப் பார்த்த மாதிரி ஃபோகஸ் லைட் போட்டு வைத்திருக்கிறார்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஆமை முட்டையிட வருகிற கரை இது. குஞ்சு பொரித்து வெளியே வந்ததும் வெளிச்சம் இருக்கிற திசையில்தான் போகும், அதாவது கடலை விட்டுவிட்டு இவர்கள் வீட்டுப் பக்கமாக. இவர்கள்தான் நம்மைப் பார்த்துச் சுத்தம் பேசுகிறார்கள்.

கட்டடம் கட்டாதே என்று யாரும் சொல்லவில்லை. மெரினாவில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸையும் மாநிலக் கல்லூரியையும் கட்டியவர்கள் என்ன கடலை வெறுத்தவர்களா? அத்தனை பெரிய கட்டடங்கள் சாலைக்கு இந்தப் பக்கம் தள்ளி நின்று, முன்னால் இருக்கிற மணல் முழுவதையும் ஊருக்கு விட்டிருக்கின்றன. 1884-ல் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். வெள்ளைக்காரத் துரைகளும் துரைசானிகளும் காற்று வாங்கப் போட்டதுதான், ஜனநாயக ஆசையில் ஒன்றும் போடவில்லை. ஆனாலும் குறுக்கே சுவர் இல்லாததால் இன்றைக்கு அங்கே சுண்டல் விற்கிறவரும் நீதிபதியும் ஒரே மணலில் உட்காருகிறார்கள்.

அந்த மெரினா மணலைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் வட சென்னைக்காரன். மெரினா ஆதியிலிருந்தே இவ்வளவு அகலமாக இருந்ததில்லை. நம் கடற்கரையில் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1870-களின் நடுவில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். வடக்கே போகவேண்டிய மணல் அதில் முட்டி நின்றது. தெற்கே சேர்ந்தது மெரினா. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் வருகிற மணல் நின்றுபோய், கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. அதைத் தடுக்க அரசாங்கம் கல் கொட்டியது. இன்னமும் கொட்டுகிறது. நீங்கள் சாயங்காலம் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறீர்களே, அந்த மணலில் எங்களுக்கு வந்திருக்க வேண்டியதும் இருக்கிறது. இதை நான் எழுதும்போதெல்லாம் யாராவது சிரிக்கிற எமோஜி போடுகிறார்கள். போடுங்கள்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கடற்கரை என்றால் கல்தான். ஒவ்வொன்றும் ஒரு பீரோ அளவுக்கு இருக்கும். தண்ணீரைத் தொடவேண்டுமென்றால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கல்லுக்குக் கல் தாவி இறங்கணும். கீழே இருக்கிற கற்களில் பச்சைப் பாசி வழுக்கும், வெள்ளையாக ஒட்டியிருக்கிற சிப்பி காலைக் கிழித்துவிடும், இடுக்கில் காலை விட்டால் நண்டு ஒரு பக்கம், உடைந்த பாட்டில் ஒரு பக்கம். என் அம்மா பிறந்து வளர்ந்தது அந்தக் கரையில். கல் கொட்டிய பிறகு அவர் தண்ணீர் கிட்டே போனதில்லை. முட்டி போனபின் கேட்கவே வேண்டாம். அம்மா மறுபடி அலைப் பக்கத்தில் போனது மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காகப் போட்ட மரப்பாதையில்தான். 2022 நவம்பரில் திறந்தார்கள், டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்து ஒரு பகுதியைப் பிய்த்துப் போட்டது. ஞாபகம் இருக்கிறதா, அன்றைக்கு எப்படிச் சிரித்தீர்கள்? "காசைக் கடல்ல கரைச்சுட்டாங்க" என்று மீம் போட்டவர்கள் பலர் இதே பட்டியலில்தான் இருக்கிறீர்கள். சரிசெய்த பிறகு நான் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். பாதை முடிகிற இடத்தில் அம்மா காலைச் சேலைக்குள்ளிருந்து வெளியே எடுத்து நீட்டிக்கொண்டார். அலை அதுவரை வரவில்லை. அலைச் சாரல் மட்டும் பட்டது. "போதும்டா" என்றார். ஒரு மரப்பலகைப் பாதை! நட்சத்திர ஓட்டல் டிசைனும் இல்லை, உலகத்தரமும் இல்லை. கடலுக்குப் போகிற வழி, அவ்வளவே. நான் கேட்பதும் அதைத்தான்.

"சபர்மதி ஆத்தங்கரையைப் பாருங்க, எவ்வளவு நீட்டா வெச்சிருக்காங்க" என்று ஒருவர் கட்டாயம் வருவார். பார்த்திருக்கிறேன், நீட்டாகத்தான் இருக்கிறது. இரண்டு கரையிலும் பத்து கிலோமீட்டருக்கு மேல் நடைபாதை. அகமதாபாத் நகருக்குள் அதில் நிற்பது நர்மதைக் கால்வாயிலிருந்து கொண்டுவந்த தண்ணீர். கரையில் குடிசை போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டுத்தான் அந்த நீட்டு வந்தது. பெரும்பாலான இடத்தில் கான்கிரீட் சுவருக்கு மேலே நின்று தண்ணீரை எட்டிப் பார்க்கலாம். நம் ஏரிகளிலும் இப்போது அதே கதைதான்: சுற்றிக் கம்பிவேலி, ஊர்ப்பெயருக்கு முன்னால் இதயம் போட்ட எழுத்துகள், செல்ஃபி பாயிண்ட், நுழைவுக்கட்டணம். தண்ணீர் வெறும் பின்னணிப் படம்.

நம் ஆட்களுக்கு நீர்க்கரையில் கட்டத் தெரியாதா என்ன? திருவையாற்றிலும் கும்பகோணத்திலும் காவிரிப் படித்துறைகளைப் பாருங்கள், தாமிரபரணியில் குறுக்குத்துறையைப் பாருங்கள். வெள்ளம் வந்தால் மேல்படி, கோடையில் கீழ்ப்படி. தண்ணீர் எந்த மட்டத்தில் இருந்தாலும் மனுஷன் இறங்கிப் போய்க் காலை நனைக்கலாம். இதைவிட நல்ல நீர்க்கரைக் கட்டடக்கலையை எந்தக் கன்சல்டண்ட் வந்து கற்றுக்கொடுப்பார்?

"அந்தப் படித்துறையில எல்லா சாதிக்காரனையும் விட்டாங்களா?" என்று கேட்பீர்கள். விடவில்லை. நல்ல கேள்வி, ஆனால் கேட்பவர் பதிலையும் தாங்கிக்கொள்ள வேண்டும். 1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிராவின் மகாட் ஊரில் அம்பேத்கர் சவ்தார் குளத்தில் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். அந்தக் குளம் எல்லோருக்கும் பொது என்று நகராட்சி ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானம் இருந்தது, கிட்டே போக முடியவில்லை! அன்றைக்கும் தலித்துகள் இறங்கினால் தண்ணீர் அசுத்தமாகிவிடும் என்றுதான் காரணம் சொன்னார்கள். நாறடிச்சிடுவாங்க என்று டைப் பண்ணுகிறபோது நீங்கள் எந்த வரிசையில் போய் நிற்கிறீர்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள். "எல்லாத்துலயும் சாதியைக் கொண்டு வராதீங்க" என்று சொல்லப்போகிறவர்களே, கொண்டுவந்தது நான் இல்லை.

குப்பை போடுகிறார்களா என்றால் போடுகிறார்கள். போடுகிறவர்களைப் பிடித்து அபராதம் போடுங்கள், தொட்டி வையுங்கள், கழிப்பறை கட்டுங்கள். அது மாநகராட்சி செய்யவேண்டிய வேலை, அதற்கும் கேட்டுக்கும் சம்பந்தமில்லை. பாட்டில் உடைக்கிறவர்கள் எல்லோரும் பஸ்ஸில் வந்தவர்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது? வார இறுதியில் வில்லாவை வாடகைக்கு எடுத்து ராத்திரி முழுக்கப் பாட்டுப் போடுகிற கூட்டம் காலையில் மணலில் விட்டுப்போவதை அங்கே கரைவலை இழுக்கிற மீனவரிடம் கேளுங்கள். அப்புறம், கடலில் மூழ்கிச் செத்துப்போகிறார்கள் என்கிறீர்கள். உண்மைதான், நம் கடல் ஆபத்தான கடல். அந்த வாட்ச்மேன் சம்பளத்தில் ஒரு உயிர்காப்பாளரை வைக்கலாம்.

மீனவர் என்றதும் ஞாபகம் வருகிறது. அழகு என்று பேச்செடுத்தால் முதலில் நகரச் சொல்வது அவர்களைத்தான். 1985-ல் மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று கட்டுமரத்தையும் வலையையும் அப்புறப்படுத்தப் போய், துப்பாக்கிச் சூடு வரை போனது, உயிர்கள் போயின. 2023-ல் மெரினாவை ஒட்டிய லூப் சாலையில் மீன் விற்ற பெண்களின் கடைகளை எடுத்தபோதும் கமெண்டில் கைதட்டல்தான். டிராஃபிக்காம். கடலுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே சாலை போட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு 2024-ல் அங்கேயே மீன் அங்காடி கட்டித் திறந்தார்கள், நல்லதுதான். வஞ்சிரம் வாங்க அங்கே வண்டியை நிறுத்துகிறவர்களுக்குப் கொஞ்சமாவது நன்றி இருந்தால் சரி.

கடைசியாக, உங்களுக்கு ரொம்பப் பிடித்த கேள்வி: "உங்க வீட்டு வழியா ஊரே போறதுக்கு விடுவீங்களா?"

விட்டோம். திருவொற்றியூர்ப் பக்கம் குப்பத்தில் எங்கள் ஆயா வீடு இருந்தது. கடலுக்குப் போகிற சந்து எங்கள் வாசலை ஒட்டித்தான் போகும். விடிகாலையில் வலை சுமந்து போகிறவர்கள், மீன்கூடையோடு திரும்புகிறவர்கள், கும்பல் கும்பலாகப் பிள்ளைகள், எல்லோரும் ஈரக்காலோடு எங்கள் திண்ணையை உரசிக்கொண்டு போவார்கள். ஆயா வாயில் வராத வசவு கிடையாது. "மண்ணைக் கொண்டாந்து வாசல்ல கொட்டுறானுங்க" என்று திட்டிக்கொண்டே பெருக்குவார். வாசலில் ஒரு டிரம்மில் தண்ணீரும் வைத்திருப்பார், கால் கழுவிக்கொண்டு போவதற்கு. சந்தில் ஒரு கயிறு கட்டலாம் என்றுகூட யாருக்கும் தோன்றியதில்லை. இப்போது அந்த வீடும் இல்லை, சந்தும் இல்லை, இரண்டையும் கடல் எடுத்துக்கொண்டது. அங்கேயும் கல் கொட்டியிருக்கிறார்கள். இதற்குமேல் எங்களிடம் என்ன கேட்கிறீர்கள்?